பேரை மாத்திட்டு வந்த தம்பிக்கு

வாப்பா வடக்கு மாசிடோனியா, உக்காரு. 'வடக்கு'ன்னு சேர்த்துச் சொன்னதும் மூஞ்சி ஏன் இப்படிச் சுண்டுது? நீயே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கிட்ட பேருதானே. உங்க ஜனாதிபதி அம்மா கோர்தனா சில்யானொவ்ஸ்கா 2024 மே மாசம் பதவி ஏத்துக்கிட்டப்போ, அந்த 'வடக்கை' வாய்க்குள்ளேயே வச்சுக்கிட்டு 'மாசிடோனியா'ன்னு மட்டும் சொன்னாங்களாம். கிரேக்கத் தூதர் எழுந்து சபையை விட்டே போயிட்டாங்களாம். இருக்கறதே நாலு திசை. ஒரு திசைக்கே இந்தப் பாடுன்னா மத்த மூணையும் எப்படிச் சமாளிக்கப் போற? கெழக்க பல்கேரியா இருக்கான், மேக்க அல்பேனியா இருக்கான். வடக்க இருக்கறவன் சங்கதியைக் கடைசியில பேசுவோம்.

உனக்குப் புத்தி சொல்ல ஆளுக்குப் பஞ்சமே இல்லை. பிரஸ்ஸல்ஸ்காரன் சொல்றான், பாரீஸ்காரன் சொல்றான், வாஷிங்டன்காரன் விமானம் ஏறி வந்து சொல்றான். அவங்கள்ல நான் மதிக்கிற ஆள் ஒருத்தர்தான். மாத்யூ நிமெட்ஸுன்னு ஒரு அமெரிக்க வக்கீல். உனக்கும் கிரீஸுக்கும் இருந்த பேர்த் தகராறைத் தீர்க்க 1994-ல வந்தாரு. ஐ.நா. தூதரா இருந்த காலத்துல வருஷத்துக்குச் சம்பளம் ஒரே ஒரு டாலர். 2018-ல ஒப்பந்தம் ஆகற வரைக்கும் மனுஷன் அசரவே இல்லை. வருஷத்துக்கு ஒரு டாலருக்கு ஒரு நாட்டுக்குப் பேர் வச்சுக் குடுத்த ஆள் உலகத்துல அவர் ஒருத்தராத்தான் இருக்கும். நான் அந்த ஒரு டாலரும் கேக்கலை. காது மட்டும் குடு.

முதல்ல உன் பக்கத்துக் கூத்தைப் பேசிடுவோம். யூகோஸ்லாவியா ரத்தமும் நெருப்புமா உடைஞ்ச நேரத்துல, 1991 செப்டம்பர்ல ஓட்டுப் போட்டு, சண்டை போடாம வெளியே வந்தவன் நீ. கெட்டிக்காரத்தனம்தான். ஆனா வெளியே வந்த கையோட நீ செஞ்சது என்ன? வெர்கினாவுல 1977-ல தோண்டி எடுத்த ராஜா கல்லறையில பதினாறு கதிரோட ஒரு சூரியன் இருந்துச்சு. அந்த வெர்கினா இருக்கறது கிரீஸ்ல. அந்தச் சூரியனைத் தூக்கி உன் கொடியில வச்சுக்கிட்ட. கிரீஸ்காரனுக்கு அவன் நாட்டுக்குள்ளேயே மாசிடோனியான்னு ஒரு மாகாணம் இருக்கு, தெஸலோனிகி அதுல பெரிய பட்டணம். இன்னைக்குப் பேரை எடுத்தவன் நாளைக்கு நிலத்தைக் கேப்பான்னு அவன் பயந்தான். இத்தனூண்டு நாடு நீ, உன்னைப் பார்த்து அவன் பயந்தான்னு சொன்னா சிரிப்பு வருது. ஆனா பால்கன்ல அவனவன் தாத்தா காலத்துல எல்லை எத்தனை தரம் நகர்ந்துச்சுன்னு எண்ணிப் பார்த்தா அவ்வளவு சிரிப்பு வராது.

1993 ஏப்ரல்ல ஐ.நா.வுல உன்னைச் சேர்த்தாங்க. அந்தக் கதையை நான் எத்தனை பேர்கிட்ட சொல்லிச் சிரிச்சிருப்பேன் தெரியுமா? 'முன்னாள் யூகோஸ்லாவ் மாசிடோனியக் குடியரசு'ன்னு ஒரு தற்காலிகப் பேர் வச்சாங்க. சரி, அகரவரிசையில எங்க உக்கார வைக்கிறது? 'எம்' எழுத்துல வச்சா கிரீஸ் எந்திரிக்கும். 'முன்னாள்'ங்கற சொல்லுக்குரிய எழுத்துல வச்சா நீ எந்திரிப்ப. கடைசியில இங்கிலீஷ்காரன் எல்லாத்துக்கும் முன்னால போடற அந்த 'தி' இருக்குல்ல, அர்த்தமே இல்லாத அந்த ஒட்டுக்குரிய எழுத்துல உன்னைக் கொண்டுபோய் தாய்லாந்துக்குப் பக்கத்துல உக்கார வச்சாங்க. தாய்லாந்துக்காரன் என்ன நினைச்சானோ பாவம். இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல அங்கேயே உக்காந்திருந்த.

1994 பிப்ரவரியில கிரீஸ் துறைமுகத்தையும் எல்லையையும் மூடுச்சு. கடல் இல்லாத நாட்டுக்கு அது வயித்துல விழுந்த அடி. மறுவருஷம் நியூயார்க்ல இடைக்கால ஒப்பந்தம் ஆச்சு. நீ கொடியை மாத்தின. அப்பவும் சூரியனை விட்டியா? பதினாறு கதிரை எட்டாக்கி, கொடி முழுக்க விரிச்சு விட்டுட்டு 'இது வேற சூரியன்'னு சொல்லிட்ட. அந்தக் குசும்பு எனக்குப் பிடிச்சுது, ஒத்துக்கறேன்.

ஆனா அதுக்கப்புறம் நிக்கோலா குருவெஸ்கி பிரதமரா வந்து பண்ணினது குசும்பு இல்லை, வினை. விமான நிலையத்துக்கு அலெக்சாண்டர் பேரு. கிரீஸுக்குப் போற நெடுஞ்சாலைக்கும் அலெக்சாண்டர் பேரு. உன் தலைநகர் ஸ்கோப்யே நடுச்சந்தியில குதிரை மேல ஒரு வீரன் சிலை, பீடத்தோட சேர்த்து இருபது மீட்டருக்கு மேல உசரம். கேட்டா 'குதிரை மேல ஒரு போர்வீரன், அவ்வளவுதான்'ங்கறது. யாருன்னு குதிரைக்குக்கூடத் தெரியும். அதைச் சுத்தி இன்னும் எத்தனையோ சிலை, தூண், வளைவு. 'ஸ்கோப்யே 2014'னு பேரு வச்சு எண்பது மில்லியன் யூரோன்னு ஆரம்பிச்ச வேலை ஐந்நூறு மில்லியனையும் தாண்டிப் போச்சு. செலவு பண்ணினவர் தண்டனை உறுதியானதும் 2018-ல ஹங்கேரிக்குத் தப்பிப் போய் அடைக்கலம் வாங்கிக்கிட்டாரு. சிலைங்களுக்கு அந்த வசதி இல்லை, அங்கேயே நிக்குதுங்க.

அந்த அலெக்சாண்டர் எங்க பக்கம் பியாஸ் ஆறு வரைக்கும் வந்தவன்தான். இதுக்கு மேல ஒரு அடி வைக்க மாட்டோம்னு அவன் படையே முரண்டு பிடிச்சதால திரும்பிப் போனான். செத்து ரெண்டாயிரத்து முந்நூறு வருஷம் தாண்டியாச்சு. கிரீஸ்காரனும் கவாலா விமான நிலையத்துக்கு அவன் பேரைத்தான் வச்சிருக்கான். ஒரு செத்த ராஜா பேர்ல ரெண்டு விமான நிலையம், ஒரு நேட்டோ தடை. அவனே எந்திரிச்சு வந்திருந்தா ரெண்டு பேரையும் பிடிச்சு அடிச்சிருப்பான்.

நேட்டோ தடைன்னதும் உனக்குப் புகாரெஸ்ட் ஞாபகம் வந்திருக்கும். 2008 ஏப்ரல் மாநாடு. எல்லாம் தயாரா இருந்துச்சு, கிரீஸ் கையைத் தூக்கலை. நீ ஹேக்ல வழக்குப் போட்ட. 2011 டிசம்பர்ல சர்வதேச நீதிமன்றத்துல பதினைஞ்சு நீதிபதிங்க உன் பக்கம், ஒருத்தர் அந்தப் பக்கம். 1995 ஒப்பந்தத்தைக் கிரீஸ் மீறிட்டதுன்னு தீர்ப்பு. தீர்ப்பைச் சட்டம் போட்டு மாட்டிக்க வேண்டியதுதான், வேற ஒண்ணும் நடக்கலை. இதை மட்டும் மனசுல வச்சுக்கோ: கதவைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறவனுக்கு எதிரா ஜெயிச்ச வழக்கு, கதவைத் திறக்காது.

அப்புறம் சோரான் ஜாயெவ் பிரதமரா வந்தாரு. கிரீஸ்ல சிப்ராஸ் பிரதமரா இருந்தாரு. ரெண்டு பேரும் அவங்கவங்க ஊர்ல திட்டு வாங்கறதுக்குத் துணிஞ்சாங்க. விமான நிலையத்துல இருந்த அலெக்சாண்டர் பேரை எடுத்தாச்சு, நெடுஞ்சாலைக்கு 'நட்பு'ன்னு பேரு வச்சாச்சு. 2018 ஜூன் 17, பிரெஸ்பா ஏரிக்கரையில ப்ஸராதெஸ் கிராமத்துல ஒப்பந்தம். செப்டம்பர்ல உன் ஜனங்ககிட்ட கேட்ட. ஓட்டுப் போட்டவன்ல நூத்துக்குத் தொண்ணூறுக்கு மேல 'சரி'ன்னான், ஆனா ஓட்டுப் போட வந்ததே நூத்துக்கு முப்பத்தேழு பேர்தான். மிச்சப் பேர் வீட்டுல இருந்தே பதில் சொல்லிட்டாங்க. அதைத் தாண்டி, 2019 ஜனவரியில நாடாளுமன்றத்துல 120-க்கு 81 ஓட்டு வாங்கி அரசியல் சட்டத்தை மாத்தின. கிரேக்க நாடாளுமன்றத்துல 300-க்கு 153. ரெண்டு பக்கமும் நூலிழைதான். நேட்டோக்காரன் சொன்ன வார்த்தையைக் காப்பாத்தினான். 2020 மார்ச்ல முப்பதாவது ஆளா உள்ள எடுத்துக்கிட்டான்.

ஐரோப்பிய ஒன்றியம் என்ன பண்ணுச்சு? நீ விண்ணப்பம் போட்டது 2004. வேட்பாளர்னு பட்டம் குடுத்தது 2005. பேரை மாத்து, பேச்சைத் தொடங்கறோம்னாங்க. மாத்தின. 2019 அக்டோபர்ல பிரெஞ்சு அதிபர் மாக்ரோன் கையைக் குறுக்க நீட்டிட்டாரு. சேர்க்கற முறையே சரியில்லை, முதல்ல அதைத் திருத்தணும்னாரு. கல்யாண மண்டபம் வரைக்கும் வந்தப்புறம் ஜாதகம் பார்க்கற முறையை மாத்தணும்னு சொல்ற சம்பந்தி எங்கயும் உண்டு போல. முறையை மாத்தினாங்க. 2020 மார்ச்ல சரின்னாங்க. நீ வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டுக் கிளம்பின. நவம்பர்ல பல்கேரியா வந்து நின்னுச்சு.

ஒன்றியத்துல 27 பேர், ஒருத்தன் தலையாட்டலைன்னாலும் ஒண்ணும் நகராது. ஒரு தரம் தலையாட்டினா முடிஞ்சதுன்னும் நினைக்காதே. பேச்சு 35 அத்தியாயம். ஒவ்வொண்ணையும் மூட அத்தனை பேரும் சரிங்கணும். திறக்கறதுக்கும் அப்படியே, இப்ப ஆறு கட்டா கட்டி வச்சிருக்கறதால திறக்கற தடவை மட்டும் கொஞ்சம் குறையும். அதாவது உன்மேல வருத்தம் இருக்கற பக்கத்து நாட்டுக்காரன் கையில பேனாவைக் குடுத்து, மையும் ஊத்திக் குடுத்து, 'நிதானமா யோசிச்சுப் போடு'ன்னு சொல்லி வச்சிருக்காங்க. யோசிக்கத்தான் செய்வான். நீயா இருந்தாலும் யோசிப்ப.

இப்பப் பல்கேரியா. அவன்தான் உன்னை முதல்ல நாடுன்னு ஒத்துக்கிட்டவன், 1992 ஜனவரியிலேயே. மறந்துடாதே. ஆனா நாட்டை ஒத்துக்கிட்டான், பாஷையை ஒத்துக்கலை. நீ பேசறது பல்கேரிய மொழியில ஒரு வட்டார வழக்குங்கறான். இதனால வருஷக்கணக்கா ஒப்பந்தங்க கையெழுத்தாகாமலே கிடந்துச்சு, எந்த பாஷையில எழுதினதுன்னு கடைசி வரியில போடணுமே. 1999-ல ரெண்டு பேரும் ஒரு வழி கண்டுபிடிச்சாங்க: 'ரெண்டு நாட்டு அரசு மொழிகளிலும்'னு எழுதி, பல்கேரிய அரசியல் சட்டப்படி பல்கேரிய மொழி, மாசிடோனிய அரசியல் சட்டப்படி மாசிடோனிய மொழின்னு சேர்த்துட்டாங்க. அந்த வரியை எழுதினவனுக்கு நான் தனியா ஒரு மாலை போடுவேன்.

2017 நட்பு ஒப்பந்தத்துல ரெண்டு பக்கத்து வரலாற்று அறிஞருங்களும் ஒண்ணா உக்காந்து பழசைத் தீர்க்கணும்னு முடிவாச்சு. பேராசிரியருங்களை உக்கார வச்சு ஒரு பிரச்சினையைத் தீர்த்த ஊர் எது, சொல்லு? கோட்ஸே டெல்செவ்ங்கற புரட்சிக்காரர்கிட்ட வந்து மாட்டிக்கிட்டாங்க. அந்த மனுஷன் 1872-ல பொறந்த ஊர் இன்னைக்குக் கிரீஸ்ல இருக்கு. 1903-ல துருக்கிப் படை சுட்டுச் செத்தாரு. எலும்பு பல்கேரியத் தலைநகர் சோஃபியாவுல இருந்துச்சு, 1946-ல ஸ்கோப்யேவுக்கு வந்துச்சு. செத்தப்புறமும் இத்தனை எல்லை தாண்டின ஆளை இவர் எந்த நாட்டுக்காரர்னு கேட்டா அவர் என்ன சொல்வாரு? ஆட்டோமான் ராஜ்யத்துல பொறந்தவர், அவ்வளவுதான்.

ஒண்ணுல மட்டும் நான் சிரிக்க மாட்டேன். ரெண்டாம் உலகப் போர்ல 1941-ல இருந்து 1944 வரைக்கும் பல்கேரியப் படை உன் மண்ணுல இருந்துச்சு. 1943 மார்ச்ல இங்கிருந்த ஏழாயிரத்துக்கும் மேல யூதர்களைப் பிடிச்சு ட்ரெப்லிங்காவுக்கு அனுப்பினாங்க. தன் சொந்த நாட்டு யூதர்களைக் காப்பாத்தினோம்னு சோஃபியா பெருமை பேசும். அது நிஜமும்கூட. ஆனா ஒரே வருஷத்துல ரெண்டும் நடந்துச்சு. உன் பாடப் புத்தகத்துல அந்தக் காலத்தைப் பத்தி இருக்கற சொல்லை மென்மையாக்குன்னு கேட்டா, அதுக்கு நீ 'ஆகட்டும்'னு சொல்லக் கூடாது. அதே மாதிரி 1945-க்கு அப்புறம் யூகோஸ்லாவியாவுல டிட்டோ ஆட்சியில, நான் பல்கேரியன்னு சொன்னவனை இங்க என்ன பாடு படுத்துனாங்கன்னு அவன் கேட்டா, நீ தலையைக் குனிஞ்சு கேட்டுக்கணும். அந்தக் கேள்வியிலயும் நியாயம் இருக்கு.

இனி நடப்புக் கணக்கு. 2022-ல பிரான்ஸ் ஒரு சமரசம் கொண்டுவந்துச்சு. பல்கேரியாக்காரங்களையும் உன் அரசியல் சட்டத்துல சேர்த்து எழுது, பேச்சைத் தொடரலாம். ஜூலையில உன் நாடாளுமன்றம் சரின்னுச்சு, மூணே நாள்ல முதல் கூட்டம் போட்டாச்சு, அதோட வண்டி நின்னுச்சு. சட்டத்தை மாத்த 80 ஓட்டு வேணும். 2024-ல பிரதமரா வந்த உங்க மிட்ஸ்கோஸ்கி 'இப்படி மாத்த மாட்டேன்'னு சொல்லித்தான் ஜெயிச்சாரு. அதுவரைக்கும் உன்னோட ஜோடி போட்டு வச்சிருந்த அல்பேனியாவை அந்த செப்டம்பர்ல பிரிச்சுட்டாங்க. அக்டோபர்லயே அவன் முதல் கட்டைத் திறந்துட்டான். உனக்கப்புறம் விண்ணப்பம் போட்டவன் அவன்.

2021 கணக்கெடுப்புல உன் நாட்டுல தன்னைப் பல்கேரியன்னு எழுதிக்கிட்டவங்க 3,504 பேர். பதினெட்டு லட்சம் ஜனத்துல. உன் முகவுரையில அல்பேனியர், துருக்கியர், விளாக்கர், செர்பியர், ரோமா, போஸ்னியாக்கர்னு ஏற்கெனவே வரிசையா எழுதி வச்சிருக்க. இன்னொரு காற்புள்ளி போட்டா மை தீர்ந்துடுமா? யாரும் கேக்காத காலத்துலயே நீயா எழுதியிருந்தா பெரிய மனுஷன்னு பேர் வாங்கியிருக்கலாம்.

ஆனா இதுல ஒரு வேடிக்கை இருக்கு. பல்கேரிய வம்சாவளின்னு எழுதிக் குடுத்து பல்கேரியப் பாஸ்போர்ட் வாங்கின உன் ஆளுங்க பல பத்தாயிரம் பேர். உன் முன்னாள் பிரதமர் லியூப்சோ கியோர்கியெவ்ஸ்கியே வாங்கினாரு. கணக்கெடுக்க வர்றவன்கிட்ட மாசிடோனியன், சோஃபியா அலுவலகத்துல பல்கேரியன், ஜெர்மனி தொழிற்சாலை வாசல்ல ஐரோப்பியன். நாடு இருபது வருஷமா வாசல்ல நிக்குது, ஜனம் பின்பக்கமாப் போய் என்னைக்கோ உள்ள உக்காந்தாச்சு. அவங்களைத் திட்டாதே. உன்னைவிட விவரமானவங்க.

பல்கேரியாக்காரனுக்கும் ஒரு வார்த்தை. ஏப்பா, இவன் பேசறது உன் பாஷைதான், இவன் உன் ரத்தம்தான்னா, சொந்த ரத்தத்தை எவனாவது வாசல்ல நிறுத்துவானா? உள்ள கூட்டிக்கிட்டுப் போனா உன் கணக்குப்படி உன் பாஷைக்குப் பிரஸ்ஸல்ஸ்ல ரெண்டு ஓட்டு ஆச்சே! சொல்லிப் பார்க்கலாம்தான், ஆனா யார்கிட்ட சொல்றது? 2021 ஏப்ரல்ல இருந்து 2024 அக்டோபருக்குள்ள அங்க ஏழு தேர்தல். பதில் சொல்ல வேண்டியவர் பேரை மனப்பாடம் பண்றதுக்குள்ள ஆள் மாறிடுறாரு. தேர்தல்ல இருக்கறவன் பக்கத்து நாட்டுக்கு விட்டுக் குடுத்தேன்னு சொல்லிக்கிட்டு மேடை ஏற மாட்டான். அந்தத் தடை பாதிக்கு மேல உன்மேல உள்ள கோபத்தால வந்தது இல்லை, அங்க ஓட்டுக்குப் போட்ட தூண்டில்.

சட்டத்தை இப்பவே மாத்தறேன், உள்ள சேர்ற அன்னைக்கு அமலுக்கு வரட்டும்னு மிட்ஸ்கோஸ்கி கேட்டுப் பார்த்தாரு. முடியாதுன்னுட்டாங்க. அவர் கேட்டதுல தப்பு இல்லை. பேரை மாத்தினதும் அடுத்த தடை வந்துச்சே, அந்த சூடு மறக்குமா? அந்தப் பயத்தைத் தீர்க்க பிரஸ்ஸல்ஸால முடியாது, 27 பேனாவும் அவங்கவங்க பையில இருக்கு. அதனால என் யோசனை: அந்தக் காற்புள்ளியைப் போட்டுடு. சோஃபியாவுக்காகவும் போடாதே, பிரஸ்ஸல்ஸுக்காகவும் போடாதே. அந்த 3,504 பேரும் உன் மண்ணுல வரி கட்டறவங்க, அது போதும். போட்ட மறுநாளே உள்ள கூப்பிடுவாங்கன்னு மட்டும் காத்திருக்காதே. உன் நீதிமன்றத்தைச் சரி பண்ணு, லஞ்சத்தைக் குறை. அதெல்லாம் அந்த 35 அத்தியாயத்துக்குள்ள கேப்பாங்க, கேக்காட்டியும் உனக்கு வேணும். அடுத்த தடை யார் கையில இருந்து வரும்னு நிதானமா எதிர்பார்த்துக்கிட்டு இரு. வரும்.

சரி, எப்படியோ உள்ள போயிட்டன்னு வச்சுக்குவோம். உன் பக்கத்துல யார் வெளியே நிப்பா? வடக்கைக் கடைசியில பேசுவோம்னேனே, செர்பியா. ஸ்லோவேனியா உள்ள போனதும் பிரான் வளைகுடாவுக்காகக் குரோஷியாவை நிறுத்தி வச்சான். குரோஷியா உள்ள போனதும் செர்பியாவோட சில அத்தியாயங்களை இழுத்துப் பிடிச்சான். உன் எல்லையை ஒட்டி செர்பியாவுக்குள்ள புரோஹோர் ப்சின்ஸ்கின்னு ஒரு மடம் இருக்குல்ல. 1944 ஆகஸ்ட் 2-ல உன் நாட்டுக்கு அஸ்திவாரம் போட்ட முதல் கூட்டம் அங்கதானே நடந்துச்சு. அங்க போய் விழா கொண்டாட விடலைன்னு எத்தனை வருஷமா புலம்பற. நீயும் உள்ள போயிட்டா அப்ப உன் கையில ஒரு பேனா இருக்கும், செர்பியாவோட காகிதம் உன் மேசைக்கு வரும்.

ஏன் சிரிக்கிற? நான் இன்னும் ஒண்ணும் கேக்கவே இல்லையே.